இரண்டாம் பிரதி

வீட்டில் இருவர் நினைவுகளையும், ஒன்று அழிந்தாலும் மற்றொன்று இருக்கும்படி, ‘ரெய்டு’ என்னும் கணினி முறையில் இரண்டு பிரதிகளாக வைப்பதில் தமயந்திக்கும் கணவர் ஆவுடையப்பனுக்கும் சண்டையில்லை. எந்த ரெய்டு என்பதில்தான் தகராறு.

“ஹார்டுவேர் பெட்டியே வாங்குவோம். அவங்கவங்க நினைப்பு தனித்தனியா பத்திரமா இருக்கும்,” என்றார் அவர்.

“அதையும் நான்தான் தூசி தட்டணும். சாஃப்ட்வேரே போதும்.”

சாஃப்ட்வேர் என்றால் பெட்டி கிடையாது. அவர் நினைவின் பிரதி அவள் தலையில், அவளுடையது அவர் தலையில். கடைசியில் அவள் பிடிவாதமே வென்றது; அன்றே பிரதிகளையும் ஏற்றியாயிற்று.

மறுநாள் காலை சமையலறையிலிருந்து ஆவுடையப்பன் பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார். “தமயந்தி, காப்பித்தூள் எங்க இருக்கு?”

பதில் சொல்ல வாயெடுத்தவளுக்குள் கணவரின் நினைவுப் பிரதி எட்டிப் பார்த்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

“முப்பது வருஷமா உங்களுக்குத் தெரிஞ்ச அதே இடத்துலதான் இருக்கு. எனக்கும் ஒரு டம்ளர் போடுங்க.”