குதிரை உயரம்

மின்கம்பத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த சவரியப்பனை, சிகிச்சைக்காக முதன்முறையாகக் குதிரைமேல் ஏற்றினார்கள். பயிற்சியாளர் குதிரையை நடத்த, மனைவி புஷ்பம் அவன் காலைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். குதிரை அசைய அசைய அவனுடைய வளைந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது. சக்கர நாற்காலிக்கு வந்தபின் எல்லோரையும் அண்ணாந்தே பார்த்துப் பழகியவன், இப்போது குனிந்து அவளைப் பார்த்தான். வகிடு நெடுக நரைத்திருந்தது.

“எப்பப் புள்ள இப்படி நரைச்சுது?”

“கீழ பாக்காதீங்க. நேராப் பாக்கணும்னு சொன்னாங்கல்ல.”

விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடே ஒரு கையை எடுத்து அவள் உச்சந்தலையில் வைத்தான்.

“போதும், இறக்கிடலாமா?” என்றார் பயிற்சியாளர்.

புஷ்பம் நிமிரவே இல்லை. “இன்னும் ஒரு சுத்து போவட்டும் சார்.”