நடுப்புள்ளியில் ஓர் அம்பு

எங்கள் பப்பில் டார்ட்ஸ் இறுதி ஆட்டம். தோற்றால் கோப்பை அடுத்த ஊருக்குப் போய்விடும். என் கையில் கடைசி அம்பு. அது பலகையின் நடுப்புள்ளியில் குத்தியாக வேண்டும்.

"பெரிசுக்குக் கை நடுங்குது, பாருங்கடா," என்றான் எதிரணி ரெஜி.

"நம்ம வில்ஃப் இருந்திருந்தா இந்நேரம் உன் வாயை அடைச்சிருப்பான்," என்றாள் பப்காரி டோரீன்.

வில்ஃபைப் பிப்ரவரியில் புதைத்தோம். அம்பின் இறகைப் பியரில் நனைக்காமல் அவன் எறிந்ததே இல்லை.

எறிந்தேன். கூரை பெயர்ந்துவிடும்போல் கூச்சல். டோரீன் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நட்டநடுவுல குத்திட்டியேய்யா, க்ளெம்!"

நான் எதையும் லேசில் நம்புகிறவனில்லை. குனிந்து பார்த்தேன். என் அம்பு கை நழுவி என் காலடியிலேயே கிடந்தது. சத்தமில்லாமல் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கோப்பையை வாங்கப் போனேன். நடுப்புள்ளியில் நின்ற அம்பின் இறகிலிருந்து பியர் சொட்டிக்கொண்டிருந்தது.