அந்த அப்பா இப்ப எங்கே?

"கண்ணு, நான் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்துக்கிறேனே. முன்னாடியெல்லாம் வேண்டாம்."

"அத்தை, இது என் முதல் படம். நீங்களே போய் ஒளிஞ்சுக்கிட்டா எப்படி?"

"யார் கேட்டாலும் எதுவும் சொல்ல மாட்டேல்ல?"

"சத்தியமா சொல்ல மாட்டேன். காலையிலிருந்து எத்தனை தடவை கேட்பீங்க?"

அத்தையின் சில்லிட்ட விரல்களை ஒருமுறை அழுத்திவிட்டு, அந்த இளம் இயக்குநர் மேடைப் பக்கம் ஓடினாள்.

அத்தை மூன்றாவது வரிசையில், இருக்கையின் நுனியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தையற்கூடத்து ஆட்கள் ஆறு பேர். பன்னிரண்டு வருஷமாக ஒரே கூரையின் கீழ் மிஷின் மிதிப்பவர்கள். தம்பி மகளைத் தனியாளாக வளர்த்து ஆளாக்கிய மகராசி என்று அவள்மேல் அவர்களுக்குத் தனி மரியாதை. இன்றோடு அது போய்விடுமோ என்று அவள் பயந்தாள்.

விளக்குகள் அணைந்தன.

திரையில், மனைவியை இழந்த ஒரு லாரி ஓட்டுநர். கதவைத் தாழிட்டு, பெண் உடையில் கண்ணாடி முன் நின்று, சத்தம் வராமல் அழுகிறார். கடைசியில் ஒரு விடியற்காலை, அதே உடையோடு படியிறங்கிப் போய்விடுகிறார். ஜன்னலில் ஐந்து வயதுக் குழந்தை. அவ்வளவுதான் படம்.

"படுபாவி! பெத்த பிள்ளையை விட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ?" பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் பெண் மூக்கை உறிஞ்சினாள். "நீங்க என்னக்கா சொல்றீங்க?"

தண்ணீர் பாட்டிலின் மூடி அத்தையின் கைக்குத் திறக்க வரவில்லை. "மூச்சு முட்டியிருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

மேடையில் கேள்வி நேரம். ஒரு நிருபர் எழுந்தார்.

"உங்க சொந்தக் கதைன்னு போஸ்டர்லயே போட்டிருக்கீங்க. அந்த அப்பா இப்ப எங்கே?"

"அதை நான் சொல்லக்கூடாது."

"உங்களைக் கைவிட்டவரை எதுக்கு இவ்வளவு காப்பாத்துறீங்க? ஒரு தடவையாவது திரும்பி வந்து பார்த்தாரா?"

இயக்குநர் மைக்கைக் கீழே இறக்கினாள். மூன்றாவது வரிசைப் பக்கம் கண் போய்விடக் கூடாதென்று தரையையே பார்த்தாள். பின்னால் யாரோ பரிதாபமாக 'உச்' கொட்டினார்கள்.

அத்தை எழுந்தாள்.

"எங்கக்கா போறீங்க?" என்றாள் காஜாக்காரி.

"கைவிடலீங்க" என்றாள் அத்தை. குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. "பதினோரு நாள்தான் பிரிஞ்சிருந்தது. அதுக்கு மேல முடியல. திரும்பி வந்து, பக்கத்து வீட்டுல இருந்த பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஊரே மாறியாச்சு."

நிருபர் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க யாரு?"

"ஊர் வாய்க்குப் பயந்து, 'அத்தை'ன்னு கூப்பிடச் சொல்லிக் கொடுத்தேன். அவளோட அப்பா நான்தாங்க."