பச்சையில் நின்ற முள்

கார் தானே ஓடிக்கொள்ளும் காலம் வந்த பிறகும் பொன்னுலிங்கத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவரின் மனநிலையைக் காட்டும் வட்ட மீட்டர் ஒன்றை வாங்கி, ஞாயிறு முழுக்க டாஷ்போர்டைப் பிரித்துப் போட்டு, தானே மாட்டினார். பச்சை என்றால் நிம்மதி, சிவப்பு என்றால் கோபம். இனி மனைவியிடம் பேசித் தெரிந்துகொள்ளும் தொல்லை இல்லை. கற்பூரம் காட்டி, மீட்டருக்கும், அவள் சீட்டைப் பார்த்தாற்போல் பொருத்திய சென்சாருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்.

மறுநாள் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் முள் பச்சைக்குப் போய் அங்கேயே குடியிருந்தது.

"ஏனுங்க, எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லீங்க. ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்றாள் சாந்தாமணி.

அவர் மீட்டரைப் பார்த்தார். "நீதான் நல்லா இருக்கறயே. அப்பறமென்ன?"

அவள் அழுதாள். அதற்கும் பச்சை. ஆனந்தக் கண்ணீர் என்று முடிவுகட்டினார்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வந்ததும் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். "நான் எங்கம்மா ஊட்டுக்கே போறனுங்க. இனி வரமாட்டன். நீங்க பொட்டு வெச்சது அந்தச் சென்சாரோட கண்ணு மேலீங்க" என்று முந்தானையால் அதைத் துடைத்தாள்.

முள் பாய்ந்து சிவப்பின் கடைசியில் முட்டி நின்றது.

பொன்னுலிங்கத்துக்குப் புல்லரித்தது. "பாத்தியா புள்ள, நானே மாட்டுனது! என்ன கரெக்டா காட்டுது!" முள்ளிலிருந்து அவர் கண் நகரவில்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. முள் மெல்ல இறங்கிப் பழையபடி பச்சைக்கு வந்தது.

"அவ்வளவுதான், கோவம் போயிருச்சு" என்றார், காலி சீட்டிடம்.