எதிரணி வேலை

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருபது வினாடி இருக்கும்போது கோச் பெஞ்சில் இருந்த அவனைப் பார்த்து விரலை அசைத்தார்.

தனக்குப் பின்னால் யாரேனும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

சுவர்தான் இருந்தது.

பதினான்கு புள்ளி முன்னால் இருந்தார்கள். இனி யார் இறங்கினாலும் ஒன்றுதான். அதனால்தான் கூப்பிட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும்.

அணியில் சேர்ந்து எட்டு மாதம். களத்தில் இறங்குவது இதுதான் முதல் தடவை. சீசனின் கடைசி ஆட்டமும் இதுதான்.

நாளைக் காலை பட்டியல் போடுவார்கள். அடுத்த வருடம் யார் இருப்பது, யார் பெட்டியைக் கட்டுவது என்று. கோச்சும் கேப்டன் திரவியமும் உட்கார்ந்து எழுதுவது. ஒரு நிமிடம்கூட ஆடாதவன் பெயரை அதில் யார் எழுதப்போகிறார்கள்.

மேல்சட்டையைக் கழற்றினான். உள்ளே ஜெர்சியில் கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

சேரும்போது நன்றாகத்தான் பேசினார்கள். இருபது வயது. ஆறடி ஐந்து அங்குலம். வேகமான கை. பேஸ்கட்பாலில் வருங்காலம் இவன்தான் என்று பத்திரிகையில் இரண்டு வரிகூட வந்தது.

பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்.

அடுத்து மோதப்போகும் அணியில் யார் பெரிய ஆள் என்று கோச் பார்ப்பார். அந்த ஆளின் ஆட்டத்தைப் போனில் போட்டுக் காட்டுவார். மறுநாள் பயிற்சியில் இவன்தான் அந்த ஆள். அவன் எப்படித் திரும்புவானோ அப்படித் திரும்ப வேண்டும். எங்கே மறிப்பானோ அங்கே மறிக்க வேண்டும். சொந்த அணியின் ஐந்து பேரும் இவனை எதிர்த்து ஆடிப் பழகிக்கொள்வார்கள்.

அந்த ஆள் இடக்கைக்காரன் என்றால் வாரம் முழுக்க இவனுக்கும் இடக்கை.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அந்தந்த வாரத்து ஊர்தான் பெயர். "பஞ்சாபி, மெஸ்ல உனக்குச் சோறு கிடையாதுடா, சப்பாத்திதான்" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

அடுத்த வாரம் மலையாளி.

வேலை என்று வந்த பிறகு முகம் சுளிக்க முடியாது. செய்தான். நன்றாகவே செய்தான்.

பயிற்சியில் இவனுக்கு நேர் எதிரில் எப்போதும் கேப்டன்தான். எட்டு மாதம் ஒருவர் எதிரிலேயே நின்றால் அவருடைய உடம்பு மனப்பாடம் ஆகிவிடுகிறது. திரவியம் வலது தோளைச் சாய்ப்பார். ஆனால் வலது பக்கம் போகமாட்டார். பந்தைக் கைமாற்றி இடது பக்கம் பாய்வார். கைமாறும் அந்த இடத்தில் பந்து கொஞ்ச நேரம் யாருடையதும் இல்லாமல் இருக்கும்.

அங்கே கை வைக்க வேண்டும்.

களத்துக்குள் போனான். விளக்கு வெளிச்சம் கூசியது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து வாசலுக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

திரவியம் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தார். இவன் ஓரமாக ஓடிக் கையை விரித்து நின்றால் போதும். பந்து வரும்.

திரவியம் வலது தோளைச் சாய்த்தார்.

இவன் கால் நகர்ந்தது.

நகர வேண்டும் என்று நினைக்கவே இல்லை. கேப்டனுக்கும் கூடைக்கும் நடுவில் போய் நின்றான். கைமாறும் இடத்தில் கை வைத்தான். சுத்தமாகத் தட்டினான். பந்து கோட்டைத் தாண்டி நாற்காலிகளுக்கு அடியில் உருண்டு போனது.

விசில்.

என்ன நடந்தது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு எதிரணிக்காரன் ஒருவன் வந்து இவன் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் அரங்கம் சிரித்தது.

கோச் உடனே வெளியே எடுத்துவிட்டார். திட்டவில்லை.

திட்டியிருக்கலாம்.

மொத்தம் பதினொரு வினாடி ஆடியிருந்தான்.

ஆட்டம் முடிந்தது. ஜெயித்தவர்கள் போட்டோவுக்குப் போனார்கள். அவனை யாரும் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பெஞ்சிலேயே இருந்தான்.

போட்டோ முடிந்ததும் திரவியம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் இடது பக்கம் போவேன்னு உனக்கு எப்டிரா தெரியும்?"

"முன்னெல்லாம் ரெண்டு பக்கமும் போவீங்கண்ணே. மூணு மாசமா இடது பக்கம்தான் போறீங்க. இடது காலை ஊணி எம்ப முடியல உங்களால. முட்டி வலிக்குதுல்ல?"

திரவியம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அது முழங்காலையும் மூடியது.

அவருக்கு முப்பத்து நான்கு வயது. நாளைப் பட்டியல் அவருக்கும் சேர்த்துத்தான்; அவர் பெயரை மட்டும் கோச்தான் முடிவு செய்வார்.

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றான். அதைப் பார்க்கிற இடத்தில் தான் ஒருவன்தானே நிற்பது என்றான்.

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னான்.

எதிர்ப்பக்கத்தில் கோச் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். திரவியம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இவன் தோளில் கை போட்டார். கனமான கை. இன்னும் வேர்வை காயவில்லை.

"வீட்ல எத்தனை பேருடா நீங்க?"

எட்டு மாதத்தில் அவனிடம் இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை.

அம்மா என்று தொடங்கினான். பெரியக்கா என்றான். சின்னக்காவுக்குப் போன வாரம்தான் குழந்தை பிறந்தது, இன்னும் பார்க்கவில்லை என்றான். திரவியம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கண் மட்டும் கோச் மேலேயே இருந்தது.

இவன் அதைப் பார்த்தான்.

பார்த்துக்கொண்டே, குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னான்.