பழைய பஞ்சு

வாணி கதவைத் திறந்தபோது, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கோடு சந்தனமேரி வாசலில் நின்றிருந்தாள்.

முகமெல்லாம் வேர்வை. பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருக்கோகர்ணத்துக்கு ஒரு டவுன் பஸ், அப்புறம் விசாரித்து விசாரித்து ஒரு நடை.

இருவரும் ஒரே வீட்டுக்கு வாழவந்த மருமகள்கள். சந்தனமேரி மூத்தவள், வாணி இளையவள். கடைசியாக நேரில் பேசிக்கொண்டது சித்திரைத் தொடக்கத்தில். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது; தெருவே கேட்டது.

சண்டை எதில் தொடங்கியதென்று இப்போது சரியாக நினைவில்லை. கிரைண்டரைக் கழுவாமல் வைத்ததில்தான் என்று வாணிக்கு ஒரு ஞாபகம்.

முடிந்தது மீன்தொட்டியில். தனிக்குடித்தனத்துக்குச் சாமான் ஏற்றும்போது, வாணி தன் தொட்டியைப் பளபளவென்று தேய்த்தாள். கூழாங்கல்லைக் கொதிநீரில் அலசினாள். பழைய ஃபில்டரை, உள்ளே இருந்த கறுத்த பஞ்சோடு கொல்லையில் வீசினாள்.

“இந்த வீட்டு அழுக்கு எதுவும் எனக்கு வேணாம்.”

சந்தனமேரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாணிக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

புது வீட்டில் புது ஃபில்டர், புதுத் தண்ணீர். மீன்கள்தான் தேறவில்லை. தண்ணீர் கஞ்சி போலக் கலங்கும்போதெல்லாம் வாணி எல்லாவற்றையும் கழுவி மறுபடி நிரப்பினாள். கழுவக் கழுவக் கலங்கியது. ஒன்றிரண்டு மீன்கள் செத்தும் போயின.

இன்று காலையில் மிச்ச மீன்கள் எல்லாமே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவன் ஜஸ்டின்தான் செல்போனில் தேடிப் படித்துச் சொன்னான்.

“மீனோட கழிவு தண்ணியில வெசமாகுமாம். அதைத் தின்னு தீக்குற நல்ல கிருமி ஃபில்டர் பஞ்சுலதான் குடியிருக்குமாம். நீ அழுக்குன்னு தூக்கிப் போட்டியே, அதேதான்.”

“இப்பப் போய் எடுத்துட்டு வந்தா?”

“காஞ்சா செத்துருமாம். தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும், அதுக்கும் தீனி வேணும். கொல்லையில கெடந்தது இன்னமுமா உசுரோட இருக்கும்?”

அவன் போன பிறகு வாணி போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். மீன்களைப் பார்த்துவிட்டு எண்ணை அழுத்தினாள்.

“அக்கா, அந்தப் பழைய பஞ்சு கெடக்குதா?”

“ம்,” என்றாள் சந்தனமேரி. போனை வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான் என்று வாணி நினைத்திருந்தாள்.

இப்போது சந்தனமேரி அவளைத் தாண்டி உள்ளே வந்தாள். நேரே தொட்டிக்குப் போய்க் குனிந்தாள். இருப்பதிலேயே பருத்த தங்கமீனைப் பார்த்துத்தான் முதல் பேச்சு.

“என்னடா குண்டா, இப்படி மூச்சு வாங்குற?”

தூக்கைத் திறந்தாள். தண்ணீருக்குள் பஞ்சு மிதந்தது. கன்னங்கரேலென்று, கொழகொழவென்று, குளத்து வாசத்தோடு.

வாணி விரலால் தொட்டுப் பார்த்தாள். “காஞ்சு போயிருக்கும்னு நெனச்சேன் அக்கா.”

“கொல்லையிலதான் கெடந்துச்சு. மழையில நனைஞ்சிருக்கும்.”

வெளியே வைகாசி வெயில் தெருவைப் பொரித்துக்கொண்டிருந்தது.

பிறகு வேலை ஓடியது. கலங்கிய தண்ணீரில் பாதியை மொண்டு ஊற்றினார்கள். பிடித்து ஆறவைத்திருந்த அண்டாத் தண்ணீரைப் பதமாகச் சேர்த்தார்கள். ஃபில்டர் மூடியை ஒருத்தி பிடிக்க, பஞ்சை ஒருத்தி திணிக்க வேண்டியிருந்தது.

“அங்கிட்டுப் பிடி.”

“பிடிச்சுட்டேன், நீங்க அமுக்குங்க.”

மோட்டார் உறுமியது. குமிழிகளோடு கொஞ்சம் கறுப்புத் தூசியும் கிளம்பியது. வாணியின் கை தானாக அதை வழிக்கப் போனது. சந்தனமேரி பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி போட்டாள்.

“சும்மா இரு. இதையும் கழுவித் தொலைச்சுறாத.”

வாணி சிரித்துவிட்டாள். எவ்வளவு அடக்கியும் சந்தனமேரிக்கும் உதடு கோணியது.

தண்ணீர் தெளிய நாளாகும். ஆனாலும் மேலே தவித்துக்கொண்டிருந்தவற்றில் குண்டன் மட்டும் மெல்ல இறங்கி, ஒரு கூழாங்கல்லை முகர்ந்து பார்த்தான். இருவரும் கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தனமேரியின் போன் அடித்தது. அவள் கணவன் சூசைராஜ்.

“கையெல்லாம் ஈரம். நீ ஸ்பீக்கர்ல போடு,” என்றாள் வாணியிடம்.

வாணி போட்டாள்.

“மேரி, போய்ச் சேந்துட்டியா? பஞ்சைத்தான் கொண்டுபோயிட்டியே, வாளியில ஓடுற மோட்டரை இனிமே நிப்பாட்டிரவா? தெனம் மீன் தீனி போடுன்னு சொன்ன, போட்டேன். தீனி வாங்கப் போனா கடைக்காரன், எத்தன மீனு வளக்குறீங்கன்னு கேக்குறான். வெறும் வாளின்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது?”

“வந்து பேசுறேன், வைங்க!” என்று சந்தனமேரி போனைப் பார்த்துக் கத்தினாள்.

வாணி தொட்டியை விட்டு நிமிர்ந்தாள்.

“அக்கா,” என்றாள். “நான் போனதுலருந்து, மீனே இல்லாத வாளிக்கா தீனி போட்டீங்க?”

சந்தனமேரி முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள்.

“பின்ன, பட்டினி போடச் சொல்றியா?”