விளாவிய தண்ணீர்

கிளிக்குஞ்சு கையில் இருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டார்.

இருந்தது.

பார்க்காவிட்டால் தெரியாது. சர்க்கரை முதலில் பாதங்களை மரக்கச் செய்தது. போன வருஷம் விரல்களையும்.

பின்வாசல் தென்னையை வெட்டியபோது பொந்தோடு விழுந்த குஞ்சு. கட்டிலில் இருந்தபடி அவர் மனைவிதான் இடது கையால் கூழ் ஊட்டுகிறாள். பாதி வாய்க்கு, பாதி நெஞ்சுக்கு.

நெஞ்சில் கூழ் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. இறகு முளைக்கிற தோல். சுரண்டினால் பிய்ந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மருமகள் ஞானசெல்வி வாசலில் செருப்பை மாட்டினாள்.

“மாமா, நான் வந்து கழுவுதேன். நீங்க வெந்நிப் பக்கம் போயிராதீய. அத்தைதான் சத்தம் போடல. இது ஊரையே கூட்டிரும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாதத்தில் வலப்பக்கம் விழுந்து ஏழு மாதம் ஆகிறது. அன்றே பேச்சும் போய்விட்டது.

ஐந்து மாதம் அவர்தான் குளிப்பாட்டினார்.

ஒரு நாள் காலையில், விளாவிய தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்தார். சூடு இல்லை என்றது கை. முதுகில் ஊற்றினார்.

அவள் இடது கை காற்றில் துழாவியது.

சோப்புக் கேட்கிறாள் என்று நினைத்தார்.

பின்னால் நின்றிருந்ததால் முகம் தெரியவில்லை. இரண்டாவது செம்பும் ஊற்றினார்.

முதுகில் கொப்புளம் எழும்பிய பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து ஞானசெல்வி குளிப்பாட்டுகிறாள். அவர் அந்த நேரத்தில் தெருவுக்குப் போய்விடுவார். கட்டில் அருகே அவர் வந்தால், மனைவியின் இடது கை போர்வைக்குள் போய்விடும்.

குஞ்சு கீச்சிட்டது.

பிளாஸ்டிக் பேசினில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினார். பிளாஸ்க்கைத் திறந்தார். ஆவி வந்தது.

ஒரு டம்ளர் வெந்நீர் கலந்து, விரலை விட்டார்.

ஒன்றும் இல்லை.

சற்று நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினைத் தூக்கிக்கொண்டு போய், கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் வைத்தார்.

“நீ பாரு. போதும்னா ஒரு தட்டு தட்டு.”

போர்வை அசையவில்லை.

அவர் காத்திருந்தார். குஞ்சும் கத்தி ஓய்ந்தது.

கை வெளியே வந்தது. தண்ணீருக்குள் போனது.

இன்னும் அரை டம்ளர் ஊற்றினார்.

பேசினின் அடியில் ஒரு தட்டு.

குஞ்சை இறக்கினார். நனைந்ததும் பாதியாகிவிட்டது. தலையும் கண்ணும்தான் மிச்சம். ஓடு இளகி, துண்டு துண்டாக மிதந்து வந்தது.

மனைவியின் முகம் சுளித்தது.

அதைப் பார்த்த பிறகுதான் அவர் தன் கையைப் பார்த்தார். குஞ்சு கட்டைவிரலைக் கவ்வியிருந்தது. ரத்தம் தண்ணீரில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

“வலிக்கல.”

அது அவளுக்கும் தெரியும்.

துண்டில் சுற்றி, குஞ்சை அவள் மடியில் வைத்தார். அழுக்குத் தண்ணீரை முற்றத்தில் கொட்டினார். பேசினை அலசி, வேறு பச்சைத் தண்ணீர் ஊற்றி எடுத்து வந்து ஸ்டூலில் வைத்தார். குஞ்சை இன்னொரு முறை அலச வேண்டியிருக்கலாம்.

குஞ்சு தூங்கிவிட்டிருந்தது. நெஞ்சு சுத்தமாக இருந்தது.

அவர் பேசினைத் திரும்ப எடுக்கப் போனார்.

அவள் கை அதற்குள் இருந்தது.

ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றினார். இன்னொரு அரை.

தட்டவில்லை.

அவளைப் பார்த்தார். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு.

மூன்று.

குஞ்சுக்கு இந்தச் சூடு ஆகாது.

நான்காவதில் பாதி இறங்கும்போது தட்டினாள்.

பிறகு ஈரக் கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, மெல்ல, மிக மெல்ல, முதுகை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்தாள்.